அப்பாவோட ரப்பர் கணக்கை எழுதலாமா டீச்சர்?

வெளிநாட்டுல எம்எஸ்சி பைனான்ஸ் படிக்க அப்ளிகேஷன் போடுற சீசன் வந்தாச்சு, இந்த மாசம் வந்த கடிதத்துல பாதிக்கு மேல அதைப் பத்தித்தான். அதனால மத்த கேள்வியெல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளி வச்சிட்டு பெர்சனல் ஸ்டேட்மென்ட், அதாவது நான் யாரு, ஏன் இந்தப் படிப்புக்கு வர்றேன்னு அப்ளிகேஷன் கூட எழுதிக் குடுக்கிற கட்டுரை, அது சம்பந்தமா வந்ததுல நாலை மட்டும் எடுத்திருக்கேன். முதல் கடிதம் நீளம், பதில் அதைவிட நீளம்.

கேள்வி: டீச்சர், நான் குலசேகரம் பக்கம். நாகர்கோவில்ல பிகாம் முடிச்சிட்டு ஒரு வருஷமா மார்த்தாண்டத்துல ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல வேலை பாக்கேன். இங்கிலாந்துல ரெண்டு யூனிவர்சிட்டிக்கு எம்எஸ்சி பைனான்ஸ் அப்ளை பண்ணப் போறேன். ஒரு கன்சல்டன்சில 5000 ரூபா வாங்கிட்டு ஸ்டேட்மென்ட் எழுதித் தந்தாவ. "சிறு வயது முதலே நிதி உலகத்தின் மீது தீராத ஆர்வம்"னு ஆரம்பிக்குது, எனக்கு ஷேர் மார்க்கெட்ல ஈடுபாடுன்னு ஒரு பாரா இருக்கு, நான் இதுவரை ஒரு ஷேர்கூட வாங்குனதில்ல. எனக்கு பைனான்ஸ்னு சொன்னா உண்மையில ஓர்மை வர்றது அப்பாவோட ரப்பர் நோட்டுதான். எங்களுக்கு ரெண்டு ஏக்கர், பத்தாம் கிளாஸ்ல இருந்து அந்தக் கணக்கை நான்தான் எழுதுறேன். அதை எழுதலாமான்னு கேட்டா கன்சல்டன்சில சிரிச்சிட்டாவ, கூட்டுக்காரியும் கொறச்சலா இருக்கும் வேண்டாம்னு சொல்றா. அவிய எழுதுனது, நான் எழுதிப் பாத்தது ரெண்டையும் சேத்து அனுப்பிருக்கேன். ஸ்டாட்டிஸ்டிக்ஸ்ல நான் 58 மார்க்குதான், இங்கிலீஷும் சுமார். ரொம்ப வெப்ராளமா இருக்கு, என்ன செய்ய?

பதில்: மக்களே, ரெண்டையும் ரெண்டு தடவை வாசிச்சேன். கன்சல்டன்சி எழுதுனதை மடக்கி அலமாரிக்குள்ள வச்சிரு, போன 5000 போகட்டும், அதை அனுப்பிராதே. அந்த "சிறு வயது முதலே" வரியை இந்த வருஷம் மட்டும் நான் மூணாவது ஆள்கிட்ட பாக்கேன், ஒருத்தருக்கு எம்பிஏ, ஒருத்தருக்கு டேட்டா சயின்ஸ், உனக்கு பைனான்ஸ், வார்த்தை மட்டும் மாறல. இது இங்க மட்டும் நடக்கிற சங்கதி இல்ல. 2007ல இங்கிலாந்துல டிகிரி சேர்க்கையை நடத்துற யூகாஸ் அமைப்பு, பிள்ளைங்க எழுதுன ஸ்டேட்மென்ட்டை எல்லாம் கம்ப்யூட்டர்ல போட்டு ஒப்பிட்டுப் பாத்தாவ. மெடிசினுக்கு மனு போட்டதுல 234 பேர் ஒரே கதையை எழுதியிருந்தாவ, எட்டு வயசு பிறந்தநாளுக்கு கெமிஸ்ட்ரி செட் கிடைச்சதாம், அதை வச்சு பைஜாமாவை ஓட்டை விழ எரிச்சதாம். எங்கயோ மாதிரிக்குப் போட்டிருந்த ஒரு ஸ்டேட்மென்ட்டை 234 வீட்டுல உக்காந்து காப்பி பண்ணிருக்காவ. இப்ப ஒப்பிட்டுப் பாக்கிற சாப்ட்வேர் அதைவிட எவ்வளவோ தேறிட்டு. மாட்டிக்கிடுவோம்ங்கிறது ஒரு பயம், எனக்கு அதைவிட மனசுல நிக்கிறது வேற. நீ ஏழு வருஷம் உக்காந்து எழுதுன ஒரு நோட்டு வீட்டுல இருக்கும்போது, நீ வாங்காத ஷேரைப் பத்தி யாரோ எழுதுன பொய்யில உன் பேரைப் போட்டு அனுப்பப் பாத்தாவளே, அதுதான்.

இப்ப உன் டிராப்டுக்கு வாறேன். அதுல ஒரு வரி போற போக்குல எழுதிட்டுப் போயிருக்கே, "மழை மாசத்துல ரப்பர் வெட்டு சரியா இருக்காது, கடையில முன்பணம் வாங்குவோம், அதுக்கப்புறம் ஷீட்டு குடுக்கும்போது கிலோவுக்கு நாலு ரூபா கொறச்சுப் போடுவாங்க"ன்னு. அதுக்கடுத்த வரியிலயே அப்பா கஷ்டப்பட்டாரு, விடியக்காலம் மூணு மணிக்கு தலையில டார்ச் கெட்டிட்டு வெட்டப் போவாருன்னு போயிட்டே. மக்களே, நாலு ரூபா வரியிலதான் உன் மொத்த ஸ்டேட்மென்ட்டும் இருக்கு.

ஒரு கணக்கு போட்டுப் பாப்போம். 20,000 ரூபா முன்பணம்னு வை. ரெண்டு ஏக்கர்ல மாசம் சுமார் 100 கிலோ ஷீட்டு குடுக்கீங்கன்னு வை. கிலோவுக்கு நாலு ரூபா கொறஞ்சா மாசம் 400 ரூபா. முன்பணம் அப்படியே நிக்குது, யாரும் வட்டின்னு ஒரு வார்த்தை பேசல, ஆனா 20,000க்கு மாசம் 400ன்னா மாசத்துக்கு 2 சதவீதம், வருஷத்துக்கு 24, கூட்டு வட்டியா பாத்தா கிட்டத்தட்ட 26.8. கடைக்காரர் அண்ணன் நல்லவர்தான், ராத்திரி ஆஸ்பத்திரிக்குன்னு கேட்டாலும் எடுத்துத் தருவாரு, பேங்க்குல அப்படிக் கிடைக்காது, அதையும் எழுது. அவரை வில்லனாக்கி எழுதவே எழுதாதே. ஈடு இல்லாம, பேப்பர் இல்லாம, கேட்ட நிமிஷம் கிடைக்கிற கடனுக்கு விலை என்ன, அந்த விலை எங்க ஒளிஞ்சிருக்குங்கிறது பைனான்ஸ்ல உள்ள பெரிய கேள்வி. அதை உனக்கு யாரும் கிளாஸ்ல சொல்லித் தரல, நோட்டுல நாலு ரூபா கொறையுதேன்னு நீயா பாத்திருக்கே. இதுல கொறச்சல் எங்க இருக்கு?

இன்னொண்ணு. பேப்பர்ல தினம் கோட்டயம் விலைன்னு ஆர்எஸ்எஸ் 4ங்கிற தரத்து ரப்பர் ஷீட்டுக்கு வருதுல்லா, அதை நோட்டு ஓரத்துல நீ பென்சில்ல எழுதி வச்சிருக்கதா சொல்றே. அப்போ உன்கிட்ட ரெண்டு வரிசை விலை இருக்கு, ஒண்ணு சந்தை விலை, இன்னொண்ணு உங்க கைக்கு வந்த விலை. இந்த வாரமே ரெண்டையும் எக்செல்ல ஏத்து. ரெண்டு ஞாயித்துக்கிழமை போகும், அவ்வளவுதான். நடுவுல உள்ள வித்தியாசத்தை மாசவாரியா போட்டுப் பாரு, மழை மாசத்துல கூடுதான்னு பாரு. கூடுனா உடனே கண்டுபிடிச்சிட்டேன்னு எழுதிராதே, ஏன்னா மழையில ஷீட்டு சரியா உணங்காது, புகைப்புரையில எவ்வளவு போட்டாலும் உள்ள வெள்ளையா ஈரம் நிக்கும், கிரேடு கொறையும், அதுக்கும் விலை கொறைப்பாவ. அப்போ கொறைஞ்ச ரூபாயில எவ்வளவு முன்பணத்துக்கு, எவ்வளவு ஈரத்துக்கு? இதைப் பிரிக்க உனக்கு இப்பத் தெரியாது. தெரியாதுன்னு எழுது! இங்கதான் நிறைய பேரு தப்பு பண்றாவ, தெரிஞ்சதை மட்டும் அடுக்குறாவ. படிக்க வர்ற பிள்ளைக்கு என்ன தெரியலன்னு அதுக்கே தெரிஞ்சிருந்தா, அதைவிட நல்ல அடையாளம் வாசிக்கிறவருக்குக் கிடையாது.

மாதிரிக்கு ஒரு பாரா தமிழ்ல சொல்றேன், இதை அப்படியே எடுக்காதே, உன் நோட்டைப் பாத்து உன் எண்ணைப் போடு: "என் நோட்டுல 72 மாச விலை இருக்கு. மழை மாசங்கள்ல எங்களுக்குக் கிடைச்ச விலைக்கும் கோட்டயம் விலைக்கும் உள்ள இடைவெளி கூடுது. அது கடனுக்கான வட்டியா, ஈரத்துக்கான கழிவா, ரெண்டையும் பிரிக்க எனக்குத் தெரியல. புள்ளிவிவரத்தை வச்சு காரணத்தைப் பிரிச்சுப் பாக்கிற எக்கனோமெட்ரிக்ஸ் பாடம் எனக்கு இதுக்குத்தான் வேணும்." கன்சல்டன்சி எழுதுன "உங்கள் மதிப்புமிக்க பல்கலைக்கழகத்தின் உலகத்தரம் வாய்ந்த ஆசிரியர்களிடம்" பாராவைப் பக்கத்துல வச்சு வாசிச்சுப் பாரு, எது உன் குரல்னு உங்க அம்மாகிட்ட கேட்டாக்கூட சொல்லிருவாவ.

ஆனா ஒரு எச்சரிக்கை உண்டு. ரப்பர் மொத்த ஸ்டேட்மென்ட்டையும் மூடிரக்கூடாது. 1000 வார்த்தைன்னா நோட்டுக்கு 150, கூடிப்போனா 200. அப்பாவோட டார்ச், அம்மா ஒட்டுப்பால் பொறுக்குறது, சிரட்டையில விழுற மழைத்தண்ணி, இதெல்லாம் எனக்கு வாசிக்கும்போது நெஞ்சை அடைச்சிது, உண்மைதான், நான் இந்த ஊர்க்காரி. ஆனா உனக்கு சீட்டு தரப்போறவர் இரக்கப்பட்டுத் தரமாட்டாரு, தரவும் கூடாது. அவருக்குத் தெரியவேண்டியது, இந்தப் பிள்ளை ஒரு வருஷக் கோர்ஸ்ல வர்ற கணக்கைத் தாங்குமா, இது என்ன படிப்புன்னு தெரிஞ்சுதான் வருதா, வேற இடத்துக்குப் போகாம இங்க ஏன் வருது. கஷ்டம் ஒரு வரியில தெரிஞ்சா போதும், மூணு மணி டார்ச்சை வச்சுக்கோ, மத்ததை எடுத்துரு.

மீதி இடத்துல ஆடிட்டர் ஆபீஸை எழுது. இப்ப நீ "ஜிஎஸ்டி ரிட்டர்ன், டாலி, ஆடிட் வேலைகளில் அனுபவம்"னு ஒத்தை வரியில முடிச்சிருக்கே, அது பயோடேட்டாவுலயே இருக்கு, இங்க எதுக்கு? ஒரே ஒரு வேலையை எடு. ஒரு அண்டி ஆபீஸுக்கு, அதாவது முந்திரிப்பருப்பு பேக்டரிக்கு, மாசாமாசம் பேங்க்குக்குக் குடுக்க ஸ்டாக் ஸ்டேட்மென்ட் தயார் பண்ணேன்னு சொல்லிருக்கேல்லா, அதை விரிச்சு எழுது. 40 லட்சத்துக்கு சரக்கு கிடக்கு, அதுல 8 லட்சத்துக்கு இன்னும் பைசா குடுக்கல, மிச்சம் 32 லட்சம், பேங்க் கழிக்கிற 25 சதவீதம் மார்ஜின் போக 24 லட்சம் வரைக்கும்தான் பேங்க் கடன் கணக்குல இருந்து எடுக்கலாம், இதுக்கு டிராயிங் பவர்னு பேருன்னு நீ அங்கதானே படிச்சே? பச்சை அண்டி ஆப்பிரிக்காவுல இருந்து கப்பல்ல மொத்தமா வந்து இறங்குது, பைசா அதுல முடங்கிருது, உடைச்சு, தோல் நீக்கி, தரம் பிரிச்சு, பருப்பு வித்து பைசா திரும்ப வர மாசக்கணக்கு ஆகுது, ஆனா அங்க வேலை பாக்கிற பொம்பளைங்களுக்கு வாராவாரம் கூலி குடுத்தாகணும். வொர்க்கிங் கேப்பிட்டல்னு புஸ்தகத்துல ரெண்டு பக்கம் படிச்சதை நீ ஒரு கம்பெனி கணக்குல நேருல பாத்திருக்கே. கம்பெனி பேரு, ஓனர் பேரு, சரியான தொகை எதையும் எழுதிராதே, அது அவிய வியாபார ரகசியம், எண்ணை மாத்திப் போட்டு "மாதிரிக்கு"ன்னு சொல்லிரு.

அடுத்தது ஏன் இந்த யூனிவர்சிட்டி. இதுக்கு ராங்க், ஊரோட அழகு, தேம்ஸ் நதி எதுவும் வேண்டாம். கோர்ஸ் பக்கத்தைத் திறந்து மாட்யூல் லிஸ்ட்டை, அதாவது என்னென்ன பாடம் உண்டுன்னு, வாசி. பெரும்பாலும் கார்ப்பரேட் பைனான்ஸ், இன்வெஸ்ட்மென்ட், எக்கனோமெட்ரிக்ஸ், டெரிவேட்டிவ்ஸ், கடைசியில ஒரு டிசர்ட்டேஷன்னு இருக்கும். அதுல உன் கேள்வியோட ஒட்டுறது எதுன்னு ரெண்டை மட்டும் எடு. ஒரு உதாரணத்துக்கு டெரிவேட்டிவ்ஸ், அதாவது ஒரு பொருளோட விலையை வச்சு போடுற ஒப்பந்தங்களைப் பத்தின பாடம். ரப்பர் விலை 2011ல கிலோ 200 ரூபாயைத் தாண்டிப் போச்சு, அப்ப நம்ம பக்கத்துல வீடு கெட்டாதவங்க கிடையாது, 2016 ஆரம்பத்துல 100 ரூபா பக்கத்துல விழுந்து கிடந்து, வெட்டுக்கூலிக்குக்கூட காணாதுன்னு மரத்தை அப்படியே விட்டவங்க எத்தனை பேரு. இப்படி ஏறி இறங்குற விலைக்குத்தானே, பின்னால குடுக்கப்போற சரக்குக்கு இப்பவே விலை பேசி வைக்கிற முன்பேர வர்த்தகம்னு ஒண்ணு இருக்கு? 2008 மே மாசம் விலைவாசி ஏறுதுன்னு சொல்லி கொண்டைக்கடலை, சோயா எண்ணெய், உருளைக்கிழங்கு கூட ரப்பருக்கும் மத்திய அரசு முன்பேர வர்த்தகத்தை நிறுத்தி வச்சிது, நவம்பர் வரைக்கும் அது ஓடுச்சு. மாசம் 100 கிலோ குடுக்கிற உங்க அப்பாவுக்கு அந்த மார்க்கெட் இருந்தப்ப என்ன பிரயோஜனம், இல்லாதப்ப என்ன நஷ்டம், அதைத் திறந்து வச்சாலும் டன் கணக்குல நடக்கிற லாட்டுக்குள்ள அவர் எப்படி நுழைவாரு? இதுல ஒரு கேள்வியை எழுதுனா நீ அந்த மாட்யூலுக்கு ஏன் வர்றேன்னு தனியா சொல்லவே வேண்டாம். பிளாக்-ஷோல்ஸ் 1973, மார்க்கோவிட்ஸ் 1952ன்னு பைனான்ஸ் தியரியில உள்ள பெரிய பேரை எல்லாம் கொண்டுவந்து ஒட்டணும்னு தேவையில்ல, வாசிச்சிருந்தா எழுது, இல்லன்னா இன்டர்வியூல கேட்டா அங்கேயே மாட்டிக்கிடுவே.

58 மார்க்கை மறைக்க முடியாது, மார்க் ஷீட் கூடவே போகுது. அதுக்குக் காரணம் சொல்லிட்டு நிக்காதே, காய்ச்சல், பஸ் லேட், டீச்சர் சரியில்ல எதுவும் வேண்டாம். ஒரு வரியில ஒத்துக்கோ, அடுத்த வரியில அதுக்கப்புறம் என்ன பண்ணேன்னு சொல்லு. ஐஐடிகள் நடத்துற என்பிடெல்ங்கிற ஆன்லைன் சைட்டுல ஸ்டாட்டிஸ்டிக்ஸ், எக்கனோமெட்ரிக்ஸ் பாடமெல்லாம் பைசா செலவில்லாம பாக்கலாம், பரீட்சை எழுதினா மட்டும்தான் பீஸ். இன்னைக்கு சேரு, சேந்தப்புறம் "படிச்சிட்டு இருக்கேன்"னு எழுது, முடிச்சிட்டேன்னு எழுதிராதே. ரெகமண்டேஷன் லெட்டரை ஸ்டாட்டிஸ்டிக்ஸ் எடுத்த டீச்சர்கிட்டயே கேட்டுப் பாரு, அந்த எக்செல்லைக் கொண்டுபோய்க் காட்டிட்டுக் கேளு.

இங்கிலீஷ் சுமார்னு கவலைப்படுறே. முதல்ல தமிழ்ல எழுது, குலசேகரம் சந்தையில நின்னு என்கிட்ட சொல்ற மாதிரி எழுது. அப்புறம் சின்னச் சின்ன வாக்கியமா இங்கிலீஷுக்குக் கொண்டுபோ. பேஷனேட், டைனமிக், எஸ்டீம்ட், எக்ஸ்போஷர் இந்த நாலு வார்த்தை இல்லாம எழுத முடியுதான்னு பாரு, முடியும். எழுதி முடிச்சு சத்தம் போட்டு வாசி, எந்த இடத்துல மூச்சு முட்டுதோ அங்க வாக்கியத்தை உடை. கிராமர் மட்டும் யாராவது பாக்கட்டும், கருத்துல கைவைக்க விடாதே. மூணாவது டிராப்ட்டை எனக்கு அனுப்பு, ரெண்டாவதை வேண்டாம், ரெண்டாவதை நீயே கிழிப்பே.

கேள்வி: கோட்டாறுல இருந்து எழுதுறேன் டீச்சர். மாஸ்டர்ஸ் பைனான்ஸுக்கு ஸ்டேட்மென்ட் 4000 எழுத்துக்குள்ள இருக்கணும்னு ஒரு வீடியோவுல பாத்தேன். சாட்ஜிபிடி கிட்ட அளவு சொல்லி எழுதச் சொன்னா போதும்தானே?

பதில்: தம்பி, அந்த 4000 எழுத்து யூகாஸ் கணக்கு, பிளஸ் டூ முடிச்சு டிகிரிக்குப் போறவங்களுக்கு, அதுவும் 2026 சேர்க்கையில இருந்து மூணு கேள்வியா பிரிச்சிட்டாவ. மாஸ்டர்ஸுக்கு பெரும்பாலும் நேரா யூனிவர்சிட்டி சைட்டுலதான் அப்ளை பண்ணணும், அளவு இடத்துக்கு இடம் மாறும். லண்டன் ஸ்கூல் ஆஃப் எக்கனாமிக்ஸ்ல 1000ல இருந்து 1500 வார்த்தை கேக்காவ, சில இடத்துல 500தான், சில அமெரிக்கா காலேஜ்ல கட்டுரையே கிடையாது, தனித்தனிக் கேள்விதான். ஒண்ணுக்கு எழுதுனதை வெட்டி இன்னொண்ணுக்கு ஒட்டும்போது பழைய யூனிவர்சிட்டி பேரு அப்படியே நிக்கும், நல்ல மார்க்கு உள்ள பிள்ளைங்களே அதுல விழுந்திருக்கு. விசாவுக்குக் கேக்குற விளக்கக் கடிதமும் இதுவும் வேற வேற, அதையும் குழப்பாதே. சாட்ஜிபிடி விஷயத்துல அந்தந்த யூனிவர்சிட்டி என்ன அனுமதிக்குதுன்னு முதல்ல வாசி. ஸ்பெல்லிங், கிராமர் பாக்க விடுவாவ சில இடத்துல. மொத்தமா எழுத வச்சு உன் பேருல அனுப்புனா அது ஏமாத்து வேலை, சேர்க்கை ரத்தாகலாம். அதைவிட, உன் வீட்டு நோட்டுல என்ன இருக்குன்னு அதுக்குத் தெரியாதே தம்பி.

கேள்வி: நான் தூத்தூர் பக்கம் டீச்சர், மெக்கானிக்கல் இன்ஜினியர், ரெண்டு வருஷம் வேலை பாத்தாச்சு, இப்ப பைனான்ஸுக்கு மாறணும். எங்க மாமா ஒக்கி புயல்ல போனவர், திரும்பி வரல. அதை எழுதினா அனுதாபத்துக்கு எழுதின மாதிரி ஆயிருமோன்னு இருக்கு, எழுதலன்னா நான் ஏன் இதுக்கு வர்றேன்னு சொல்லவே முடியல.

பதில்: தம்பி, உங்க கடிதத்தை வாசிச்சிட்டு ரொம்ப நேரம் அப்படியே வச்சிருந்தேன். 2017 நவம்பர் 30 நம்ம மாவட்டத்துல யாருக்குமே மறக்காது, உங்க கரையில அது இன்னும் நேத்து மாதிரிதான் இருக்கும். எழுதணுமா வேண்டாமாங்கிறது உங்க வீட்டுல உள்ளவங்க சம்மதம், முக்கியமா மாமி சம்மதம். அவங்க சரின்னா எழுதுங்க. நீங்களே கடைசியில ஒரு வரி எழுதியிருக்கீங்க, உடல் கிடைக்காததால இன்சூரன்ஸுக்கும் பேங்க்குக்கும் மாமி கூட நீங்கதான் அலைஞ்சீங்கன்னு. அதை மேல கொண்டுவாங்க. காணாமப் போனவர் இறந்துட்டார்னு சட்டம் எடுத்துக்க பொதுவா 7 வருஷம் ஆகும், அந்த நேரத்துல படகுக் கடனுக்கு வட்டி நிக்குமா? ஒரு பக்கம் வரவேண்டிய பைசா நிக்குது, இன்னொரு பக்கம் குடுக்கவேண்டிய பைசா வளருது. அலைஞ்சப்ப ஒவ்வொரு ஆபீஸ்லயும் என்ன பேப்பர் கேட்டாங்க, எந்த மேசையில நின்னு போச்சுன்னு ஓர்மை இருந்தா அதை நாலு வரி எழுதுங்க. சூறாவளியை வர்ணிக்க வேண்டாம், கடலை வர்ணிக்க வேண்டாம், அந்த மேசையை எழுதுங்க.

அப்புறம் உங்க ஊருல நடக்கிற பங்கு கணக்கையும் பாருங்க. பல நாள் கடல்ல தங்கி மீன் பிடிக்கிற தங்கலுக்குப் போயிட்டு வந்தா டீசல், ஐஸ், இரை, சாப்பாட்டுச் செலவை எல்லாம் கழிச்சிட்டு மிச்சத்தைத்தானே படகுக்கும் ஆளுக்கும் பிரிக்கீங்க, மீன் படலன்னா ஓனருக்கும் இல்ல, ஆளுக்கும் இல்ல. மாசச் சம்பளம்னு வச்சிருந்தா நஷ்டம் முழுக்க ஓனர் தலையில, இங்க அது எல்லார் தலையிலயும் பிரியுது. ரிஸ்க்கை யாரு எவ்வளவு சுமக்கணும்ங்கிறதுதான் இன்சூரன்ஸுக்கு அடிப்படை, நீங்க அதுக்குள்ள பொறந்து வளந்தவர். இன்ஜினியர்ங்கிறதால கணக்கு வருமான்னு உங்ககிட்ட யாரும் சந்தேகப்படமாட்டாங்க, மேத்ஸ் பேப்பர் மார்க்கை மட்டும் ஒரு வரியில சொல்லிட்டுப் போயிருங்க. ரெண்டு வருஷ வேலையைக் குறை சொல்லி எழுதாதீங்க, அங்க செலவு மதிப்பீடு, மெஷின் வாங்குறதா வாடகைக்கு எடுக்கிறதான்னு ஏதாவது முடிவுல உங்க கை இருந்திருக்கும், அதை எடுங்க. ரெண்டு வருஷ அனுபவம் இருக்கதால பிரிட்டிஷ் அரசு தர்ற செவனிங் ஸ்காலர்ஷிப்பையும் பாத்து வைங்க, 2800 மணி நேர வேலை அனுபவம் கேப்பாங்க, அதுக்குத் தனியா கட்டுரைக் கேள்விகள் உண்டு, இந்த ஸ்டேட்மென்ட்டை அங்க தூக்கிப் போட முடியாது.

கேள்வி: நான் கருங்கல்ல சின்னதா ஒரு சாயாக்கடை வச்சிருக்கேன். மக வெளிநாட்டுல பைனான்ஸ் படிக்க எழுதிட்டு இருக்கா. பல வருஷத்துக்கு முன்னால ஒரு பைனான்ஸ் கம்பெனில கூடுதல் வட்டின்னு நம்பி 2 லட்சம் போட்டு அது பூட்டிட்டுப் போயிட்டான். அவ அதை எழுதியிருக்கான்னு அவ தங்கச்சி சொல்லித்தான் எனக்குத் தெரியும். எங்க அப்பன் ஏமாந்தவன்னு வெளிநாட்டுக்காரனுக்கு எதுக்குத் தெரியணும்? எடுக்கச் சொல்லட்டா?

பதில்: அண்ணே, எடுக்கச் சொல்றதுக்கு முன்னால அதை உங்களுக்குத் தமிழ்ல வாசிச்சுக் காட்டச் சொல்லுங்க. உங்களைக் கேக்காம எழுதினது அவ பக்கத்துத் தப்பு, அதை நான் அவளுக்கும் சொல்றேன், இதை வாசிப்பால்லா. உங்க பைசா, உங்க மனசு, நீங்க வேண்டாம்னா அது வேண்டாம்தான்.

ஆனா ஒரு சங்கதி சொல்றேன், கேளுங்க. நம்ம மாவட்டம் திருவிதாங்கூர்ல இருந்தப்ப, 1938ல திருவிதாங்கூர் நேஷனல் அண்ட் குயிலான் பேங்க்னு ஒண்ணு கவுந்துச்சு, அதுல பைசா போட்டவங்க எல்லாம் விவரமில்லாதவங்களா? அப்புறம் 1960ல பாலாய் சென்ட்ரல் பேங்க் விழுந்துச்சு. அதுக்கப்புறம்தான் பேங்க்குல போட்ட பைசாவுக்கு இன்சூரன்ஸ் வேணும்னு சட்டம் போட்டு 1962 ஜனவரி 1ல இருந்து கொண்டுவந்தாங்க. இன்னைக்கு ஒருத்தருக்கு ஒரு பேங்க்குல 5 லட்சம் வரைக்கும் அந்தப் பாதுகாப்பு உண்டு, 2020 பிப்ரவரில ஒரு லட்சத்துல இருந்து கூட்டுனது. நீங்க போட்ட மாதிரி பைனான்ஸ் கம்பெனி டெபாசிட்டுக்கு அது கிடையாது. கம்பெனி வாசல்ல பேங்க் மாதிரியே போர்டு, உள்ள பேங்க் மாதிரியே கவுண்டர், பாஸ்புக்கும் அதே மாதிரி, போடுற ஆளுக்கு வித்தியாசம் எப்படித் தெரியும்? உங்க மக இதைக் கேள்வியா வச்சுப் படிக்கப் போறான்னா, உங்களை ஏமாந்தவர்னு சொல்ல அவ எழுதலண்ணே.

அவகிட்ட நான் கேக்குறது ரெண்டு. அந்தக் கம்பெனி பேரு, நடத்துனவன் பேரு, ஊரு எதுவும் ஸ்டேட்மென்ட்டுல வரவேண்டாம். அப்புறம் "அப்பா பேராசைப்பட்டு"ன்னோ "அறியாமையால்"ன்னோ ஒரு வார்த்தை இருந்தா அடிச்சிரு, அப்பா எதைப் பாத்து நம்புனாருன்னு அவர்கிட்டயே கேட்டு எழுது. அண்ணே, ரசீது ஏதாவது பெட்டிக்குள்ள கிடந்தா எடுத்து அவகிட்ட குடுங்க. எத்தனை சதவீதம் வட்டி சொன்னான், எத்தனை மாசம் ஒழுங்கா தந்தான், எந்த மாசம் நின்னுச்சு, அந்தத் தேதியெல்லாம் உங்களுக்குத்தான் ஓர்மை இருக்கும்.